எண்பது செடிக்கு ஓலைச் சுருள்

எங்கள் வீட்டுக்கு ஊரில் ‘அரளி வீடு’ என்று பெயர். நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே வைத்த பெயர். அரிமளத்துக்குக் கிழக்கே ஒரு நாழிகை நடந்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. பங்குனியில் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் நடக்கும்போது வீட்டுக்கொரு தட்டு எடுத்துப் போக வேண்டும். விலைக்கு வாங்கிய பூ தட்டில் ஏறக் கூடாது; அந்தந்த வீட்டு மண்ணில் பூத்ததாக இருக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. மற்ற வீட்டுத் தட்டுகளில் மல்லிகையும் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் நிறைந்திருக்கும். எங்கள் தட்டில் வருஷா வருஷம் வேலியோரத்து அரளிதான். அம்மன் அரளியை வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஊர்தான் சிரித்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். வெளியே எங்கோ யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த யுத்தமெல்லாம் மண்ணெண்ணெய் கிடைக்காததுதான். எனக்கு வாய் முந்திக்கொள்ளும், யோசனை ஆற அமரப் பின்னால் வரும். ஒரு நாள் ஊருணியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, “என்ன புள்ள, இந்த வருசமும் அரளிதானாக்கும்?” என்றாள்.

“இந்த வருசம் பாருங்கக்கா. எங்க தட்டுல செண்டுப்பூ வரும். தட்டு கொள்ளாம வரும்” என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, என்னிடம் இருந்தது ஒரு முடிச்சு விதைதான். அன்னவாசல் பக்கத்தில் என் பிறந்த வீட்டுக் கொல்லையில் செண்டுப்பூ மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். போன தடவை போனபோது காய்ந்த பூவை உதிர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தேன். வீட்டில் என் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒன் கைக்கு வருதான்னு பாப்போம்” என்றார். அவ்வளவுதான் உத்தரவு.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளம் வயதில் தாலியறுத்து, ஒற்றைப் பிள்ளையை வளர்த்து, நாலு மா நிலத்தையும் காப்பாற்றிய மனுஷி. காதில் பாம்படம் தோளைத் தொடும். முழங்கால் வலி உண்டு, குனிய மாட்டார். ஆனால் நின்ற இடத்திலிருந்தே வீட்டில் எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லுவார். அவருக்கு ஒரு விஷயம் சரி என்று பட்டுவிட்டால் அதை மாற்ற அந்த அம்மனே இறங்கி வர வேண்டும்.

மார்கழியில் விதைத்தேன். பொங்கல் கழிந்ததும் கொல்லையில் பாத்தி கட்டி நாற்றைப் பிடுங்கி நட்டேன். வரிசைக்குப் பத்து, எட்டு வரிசை, எண்பது செடி. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். பாத்திக்கு அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் குச்சு. குச்சு என்றால் ஓலைக் கூரை போட்ட ஒரு சின்னக் குடிசை. வீட்டுக்குத் தூரமாகிற மூன்று நாளும் பெண்கள் அதில்தான் இருக்க வேண்டும். சோறு வாசலுக்கு வரும். கிணற்றைத் தொடக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, பூச்செடிப் பக்கம் போகவே கூடாது. போனால் செடி கருகிவிடும் என்பார்கள். நட்ட மறுநாளே நான் தூரமாகிக் குச்சில் போய் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மாமியாரின் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். ஏழு செடி தரையில் கிடந்தன. மறுநாள் தலை முழுகிவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது இன்னும் ஒன்பது விழுந்திருந்தன. இலையில் ஒரு கடி இல்லை, வாட்டம் இல்லை. மண்ணை ஒட்டிய இடத்தில் யாரோ சின்னக் கத்தியால் அறுத்த மாதிரி தண்டு மட்டும் துண்டாகியிருந்தது. குழந்தையைத் தூங்கப் போட்ட மாதிரி ஒவ்வொன்றாக நட்ட செடிகள்.

“உள்ள வந்தியா?” என்று கேட்டார் மாமியார்.

“வரலை அயித்தை. குச்ச விட்டு எறங்கவே இல்ல.”

“அப்ப ஒன் நெழலு விழுந்திருக்கு. நெழலு பட்டாலும் போதும். தீட்டுப் பட்ட செடி இப்படித்தான் சாயும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நெழலுக்குப் பல்லு இருக்கா அயித்தை?” என்றேன். “தண்டைப் பாருங்க. கடிச்ச மாதிரி இருக்கு.”

“வாயி!” என்றார் அவர். அதோடு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது. மறுநாள் ஊருணிக்கே தெரிந்தது. தூரத்து நாளில் மருமகள் பாத்திக்குள் போனாள், செடியெல்லாம் சாய்ந்துவிட்டது என்று பேச்சு. அப்படிப் பேர் வாங்கிய பெண்ணைப் பூத்தட்டின் பக்கம் யாரும் விட மாட்டார்கள். அந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும். செடி போனால் வேறு செடி நட்டுக்கொள்ளலாம். என் கையே ஆகாத கை என்று ஆகிவிட்டால் அதற்கு நான் எங்கே போவேன்?

அன்று முழுக்க மாமியார் தனக்குத் தெரிந்த வைத்தியம் செய்தார். மிச்சமிருந்த செடிகளின் காலடியில் மக்காத சாணியும் வைக்கோலுமாகக் கூட்டச் சொன்னார். சூடு தணியுமாம். கூட்டினோம். மறுநாள் பன்னிரண்டு செடி விழுந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுபட்ட செடிகள் ஓடிப் போகவில்லை, அங்கேயேதான் கிடக்கின்றன. அறுத்ததும் அங்கேதான் இருக்க வேண்டும். இராத்திரியில் விளக்கு வைத்துப் பார்க்க மண்ணெண்ணெய் இல்லை. பகலிலேயே தேடுவது என்று கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விழுந்த செடியின் காலடியில் வைக்கோலை விலக்கி இரண்டு விரற்கடை மண்ணைத் தோண்டினேன். இருந்தது. சுண்டு விரல் நீளம், மண் நிறம், வழவழவென்று கொழுத்த புழு. வெளிச்சம் பட்டதும் வளையம் மாதிரி சுருண்டுகொண்டது. அடுத்த செடியின் அடியில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. மாமியார் கூட்டச் சொன்ன வைக்கோலும் சாணியும் அதற்கு மெத்தை போட்ட மாதிரி ஆகியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. புழுவைக் கண்டு அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆமணக்கு இலையில் ஏழெட்டுப் புழுக்களை வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும், “இது கத்தரி நாத்துல கெடக்குமே. வெட்டுப்புழு. பகல்ல மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டு ராவுல வந்து வெட்டும்” என்றார். கத்தரிக் கொல்லையில் பார்த்தவருக்குப் பூப்பாத்தியில் பார்க்கத் தோன்றவில்லை. ஆம்பளைக்குப் பூப்பாத்தியில் என்ன வேலை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

இலையை மாமியார் முன்னால் வைத்தேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

“புழுவையும் தீட்டுதான் கூட்டியாந்துச்சு” என்றார்.

இலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. எதிரி யார் என்று இனி எனக்குத் தெரியும்.

முதலில் சாணியையும் வைக்கோலையும் வாரி எருக்குழியில் போட்டேன். தினமும் காலையில் தோண்டித் தோண்டிப் புழுவைப் பொறுக்கினேன். பத்து எடுத்தால் இரண்டு தப்பிவிடும். அந்த இரண்டு போதும். அடுத்து எனக்கு நானே மெச்சிக்கொண்ட யோசனை ஒன்று வந்தது. குஞ்சுகளோடு கோழியைப் பாத்திக்குள் விட்டேன். கோழி புழுவைப் பொறுக்கியது உண்மை. அதோடு ஆறு செடியையும் வேரோடு கிளறிப் போட்டுவிட்டு, குளிக்கிற மாதிரி மண்ணில் புரண்டுவிட்டுப் போனது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, “புழு தேவல போலருக்கே புள்ள” என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் என் கணவர் குச்சுக்குக் கூரை மாற்றப் பனையோலை கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் ஒன்றைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைக்குக் காது குத்தியதும் துளை பெரிதாவதற்காக ஓலையைச் சுருட்டிச் செருகுவார்கள். சுருள் விரியப் பார்க்கும். விரிந்து துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். நானும் எட்டு வயது வரை அப்படி ஓலை போட்டவள்தான். விரலை எடுத்தேன். ஓலை கொஞ்சம் விரிந்து, சுருண்ட வாக்கிலேயே நின்றது. அதற்கு நடுவில் என் விரல் இருந்த இடத்தில் ஒரு செடித் தண்டு இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது.

அன்றே உட்கார்ந்துவிட்டேன். ஓலையை நாலு விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, இரண்டு நுனியிலும் பாதி வரை கீறி, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டினால் வளையமாக நிற்கும். செடியைச் சுற்றி வைத்து, பாதியை மண்ணுக்குள் அழுத்தி, பாதியை வெளியே விட்டேன். புழு மண்ணுக்குள்ளேயே வந்தாலும் முட்டும், மேலே ஊர்ந்து வந்தாலும் முட்டும். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு செடியின் அடியையும் தோண்டி, உள்ளே புழு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது அல்லவா? விழுந்த இடங்களில் நாற்றங்காலில் மிச்சமிருந்த நாற்றை நட்டேன். மறுபடியும் எண்பது. எண்பதுக்கும் ஓலை.

பக்கத்து வீட்டு அக்கா வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, “செடிக்கெல்லாம் காது குத்தியாச்சு. கெடா வெட்டு என்னைக்கு?” என்றாள்.

“பங்குனியில. வந்து சாப்புட்டுப் போங்க” என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு செடிகூட விழவில்லை. அதற்கு மறுநாளும் விழவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போதே கொஞ்சம் நீட்டி நடந்தேன் என்று நினைக்கிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது; அப்போதும் தெரியாது.

மாசி பிறந்தது. நான் மறுபடியும் தூரமாகிக் குச்சுக்குப் போனேன். அன்று பார்த்து மழை. மாசியில் அப்படி ஒரு மழையை எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் பாத்தி முழுக்கச் சேறு. ஓலை வளையங்களில் பாதி சாய்ந்து கிடந்தன. நிற்கிற வளையங்களிலும் மேல் விளிம்பு வரை வண்டல் ஏறியிருந்தது. சருகும் குப்பையும் செடியோடு செடியைப் பாலம் போட்ட மாதிரி சேர்த்திருந்தன. ஈர மண்ணில் புழு எவ்வளவு ஓட்டமாக வரும் என்று எனக்குத் தெரியும். என் கணவர் விடிவதற்கு முன்பே வண்டி கட்டிக்கொண்டு அரிமளத்துச் சந்தைக்குப் போயிருந்தார்.

“அயித்தை! ஓலையெல்லாம் சாஞ்சு கெடக்கு” என்று குச்சு வாசலிலிருந்து கத்தினேன்.

அவர் கொல்லைக் கதவருகே வந்து பார்த்தார். “என்னால குனிய முடியாது. கெடக்கட்டும். நீ தலை முழுகிட்டு வந்து பாத்துக்க.”

“அதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது அயித்தை.”

“அதுக்கு என்ன செய்யச் சொல்ற?”

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். என் அம்மாவும் அதையேதான் சொல்லி வளர்த்திருந்தாள். தூரத்துக் கை பட்டால் செடி கருகும் என்பதை நானும் நம்பித்தான் இருந்தேன். இருந்தாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சை விட்டு இறங்கி நேராகப் பாத்திக்குள் போனேன்.

“ஏடி! எங்கடி போற? செடியெல்லாம் கருகிப் போகும்டி!”

“தொட்டாக் கருகும்னா, தொடாட்டிப் புழு வெட்டும். கருகுறதையே பாத்துக்கிருவோம் அயித்தை.”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றது தெரிந்தது. நான் தலை நிமிரவில்லை. எண்பது வளையத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, சேற்றை வழித்து, அடியில் கைவிட்டுத் துழாவி, புழு இருந்தால் எடுத்தெறிந்து, மறுபடியும் அழுத்தி வைத்தேன். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பயத்தை மறந்துபோனேன். மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார், பிறகு ஓய்ந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது நான் வேலையை முடித்து நிமிர்ந்தேன்.

“ஒரு செடி கருகுனாலும், ஒரு செடி விழுந்தாலும் நான் தட்டுப் பக்கமே வர மாட்டேன் அயித்தை. இந்த வருசம் மட்டுமில்ல, எந்த வருசமும். அப்படி ஒண்ணும் ஆகலைன்னா நான்தான் தட்டுத் தூக்குவேன்” என்றேன்.

அவர் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் குச்சில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு தினமும் காலையில் மாமியார் வேப்பங்குச்சியால் பல் தேய்த்தபடி பாத்தியை ஒட்டி நின்றார். உதடு அசைந்துகொண்டிருக்கும். என்னைத்தான் வைகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் ஒன்றும் கேட்கவில்லை. செடிகள் தண்டு தடித்து முழங்கால் உயரம் வந்தன, கிளை விட்டன. இனி எந்தப் புழுவாலும் வெட்ட முடியாது என்று ஆனதும் ஓலைகளைக் கழற்றினேன். பங்குனி நடுவில் முதல் மொட்டு விரிந்தது. அடுத்த பத்து நாளில் கொல்லையே மஞ்சளாகிவிட்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று நானும் வேலி ஓரமாகவே வேலை வைத்துக்கொண்டேன்.

பூச்சொரிதல் அன்று காலையில் பூப் பறிக்கக் கூடையோடு போனேன். பாத்தி ஓரத்தில் பித்தளைத் தட்டு இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார் மாமியார். அது அரளிக்கா செண்டுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. செண்டுப்பூவைக் கொட்டிக் குவித்தேன். அவர் பார்த்தார். கோயிலுக்கு நடந்தார். நான் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கோயில் வாசலில் வரிசை. என் முறை வந்து தட்டைப் பூசாரியிடம் நீட்டினேன். அப்போது பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது.

“வாங்குறதுக்கு முன்னாடி அவுகளக் கேட்டுக்கங்க பூசாரி. அந்தச் செடியிலெல்லாம் தூரத்துக் கை பட்டுருக்கு. வேலிக்கு இங்கிட்டு நின்டு நான் கண்ணால பாத்தேன்.”

பூசாரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கொட்டு நின்றுவிட்டது. தட்டு கையில் கனத்தது. பூசாரி என்னைப் பார்க்கவில்லை. என் மாமியாரைப் பார்த்தார்.

“என்ன ஆத்தா, நெசமா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இல்லாவிட்டால், ‘ஆமாம், எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள்’ என்று என்னைக் கைவிட்டுவிட்டுத் தான் தப்பித்துக்கொள்ளலாம். மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

“நெசந்தான். நான் பாக்கத்தான் தொட்டா. எண்பது செடி. விடிஞ்சா நான் போயி எண்ணுவேன். நேத்து வரைக்கும் எண்ணியாச்சு, எண்பதும் நிக்கிது. ஆத்தாளுக்கு ஆகலைன்னா ஒண்ணாச்சும் கருகியிருக்கும்ல? ஒண்ணும் கருகலை. இது எங்க வீட்டு மண்ணுல பூத்தது. எம் மருமக கையில பூத்தது. வாங்குங்க.”

பூசாரி அம்மனைத் திரும்பி ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். அவர் கொட்டியபோது அம்மனின் மடி நிறைந்து காலடியெல்லாம் மஞ்சள் ஓடியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். இன்றைக்கு எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அந்த நிமிஷத்தில் பட்ட பெருமையை அதற்குப் பிறகு எதிலும் பட்டதில்லை, என் பிள்ளைகளைப் பெற்றபோதுகூட.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் வழக்கம்போல எந்தச் சட்டி எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரை வெயில் தொடங்கியது. நான் மறுபடியும் தூரமாகிக் குச்சில் இருந்தேன். காலையில் கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. பார்த்தால் மாமியார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி வந்து, நிறைந்த குடம் ஒன்றைக் குச்சு வாசலில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

“வெயிலு ஏறுறதுக்கு முன்ன செடிக்கு ஊத்திரு. வாடுது” என்றார்.

“நானா அயித்தை?”

“வேற யாரு ஊத்துவா?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.